தீவுக் கரைக்கு மணல் தேடிக் கடலடிக்குப் போகும் வேலை

அலையளவன் · சனி, இரவு 9.40

நேற்று மாலை மகளோடு இங்கே சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடந்தேன். ஓரிடத்தில் கரை முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தாக அரித்திருந்தது, தென்னை வேர் வெளியே தொங்கியது. "கடலுக்குள்ள இவ்வளவு மணல் இருக்குமே அப்பா, அதை அள்ளிக் கரையில் போட்டால் என்ன?" என்று கேட்டாள். பதினான்கு வருடமாக நான் செய்யும் வேலையே அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். அளவைப் படகில் கருவி இயக்குபவன் நான். இங்கிருந்து கிளம்பி மாலத்தீவு, பசிபிக் தீவுகள் என்று போய், கரைக்குப் போட மணல் கிடைக்குமா என்று கடலடியைப் பார்த்துவிட்டு வருவோம். இதைப் பற்றித் தமிழில் பேச ஆளே கிடைத்ததில்லை. அதனால் இங்கே தொடங்குகிறேன்.

கடலடியில் மணல் இருப்பது வேறு, எடுக்கக்கூடிய மணல் இருப்பது வேறு. மல்ட்டிபீம் சோனாரை ஓட்டினால் அடித்தளத்தின் மேடு பள்ளம் தெரியும். சைட் ஸ்கேன் சோனார் எங்கே பாறை, எங்கே மணல் என்று பிரித்துக் காட்டும். திரையில் சீரான மணல்வெளி விரியும்போது புதிதாக வந்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அது மேல்தோல்தான். அதன் கீழே மணல் 5 மீட்டர் இருக்கலாம், அரை அடியோடு முடிந்தும் போகலாம்.

தடிமனைப் பார்க்க சப் பாட்டம் புரொஃபைலர் வேண்டும். தாழ்ந்த சுருதி ஒலியைக் கீழே அனுப்பினால் கொஞ்சம் கடலடியில் பட்டுத் திரும்பும், மிச்சம் மணலுக்குள் புகுந்து அடுத்த அடுக்கில் பட்டுத் திரும்பும். இரண்டுக்கும் இடையில் 4 மில்லி நொடி என்று வையுங்கள். போக 2, வர 2. மணலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,650 மீட்டர் ஓடும். ஆக 3.3 மீட்டர் தடிமன். இதில் சிர்ப் என்ற வகைக் கருவி சேற்றில் அருமையாக வேலை செய்யும், பவளத் தீவின் பருமணலில் திணறும். அங்கே இன்னும் தாழ்ந்த சுருதியில் ஒலி எழுப்பும் பூமர் என்ற வகைதான் கைகொடுக்கும்.

இதில் எனக்கு ஒரு பெரிய அடி விழுந்திருக்கிறது. ஒரு பவளத் தீவு விடுதிக்காகப் போன வேலை. திரையில் 4 மீட்டர் மணல் என்று தெளிவாகக் கோடு விழுந்தது. குழாயை அதிர வைத்து மணலுக்குள் இறக்கி மாதிரி எடுக்கும் வைப்ரோகோரை 6 மீட்டர் குழாயோடு இறக்கினோம். அதிர்ந்து அதிர்ந்து 1.2 மீட்டரில் நின்றுவிட்டது. இடம் மாற்றி மாற்றி ஏழு முறை இறக்கியும் அதே கதைதான். உள்ளே சுண்ணாம்பால் இறுகிய ஓர் அடுக்கு, உள்ளங்கை அகலத் தடிமன்கூட இல்லை. அதன் கீழே மறுபடி மணல். ஒலி அதைத் தாண்டிப் போனது, குழாய் போகவில்லை. மணல் உறிஞ்சும் பம்பும் போகாது. பழைய பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் அந்த அடுக்கு மங்கலான ஒரு கோடாக இருந்திருக்கிறது. நான்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. அறிக்கையில் மணல் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. அன்றிலிருந்து குழாய் இறக்காமல் எந்த எண்ணையும் நான் வெளியே சொல்வதில்லை.

சிக்லாப் அக்கா · சனி, இரவு 10.25

தம்பி, நான் சிக்லாப்பில் பிறந்தவள், 70 தாண்டிவிட்டேன். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடல். ஓதம் ஏறினால் படிக்கட்டில் தண்ணீர் தட்டும். இப்போது அதே கடலைப் பார்க்க நெடுஞ்சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாக நடந்து போகிறேன். பிடோக் பக்கம் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணை நீளமான கன்வேயர் பெல்ட்டில் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். இராத்திரியும் அது ஓடுகிற சத்தம் கேட்கும். அப்பா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

எனக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு தூரத்தில் இருந்து மண்ணை வெட்டிக்கொண்டு வந்ததற்குப் பதில், எதிரே இருக்கும் கடலிலேயே ஏன் எடுக்கவில்லை?

அலையளவன் · சனி, இரவு 11.05

அக்கா, அந்தப் பெல்ட்டை நேரில் பார்த்தவர் இங்கே இருப்பீர்கள் என்று நினைக்கவே இல்லை. 1966இல் தொடங்கிய திட்டம் அது. கரையோரமாகச் சிறு சிறு கல்முனைகளைக் கட்டி, நடுவில் அலையே வளைவாகக் குடைந்துகொள்ளும்படி விட்டார்கள். இன்று நாம் பார்க்கும் அந்த வளைந்த சின்ன விரிகுடாக்கள் அப்படி வந்தவை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் கடலடியில் பல இடங்களில் மேலே இருப்பது மணல் இல்லை, களிமண். காலாங் அமைப்பு என்று மண் பொறியாளர்கள் சொல்வார்களே, அந்தக் கடல் களிமண். தயிர் மாதிரி இருக்கும், கரையில் போட்டால் ஒரு மழைக்கு நிற்காது. அதில் சில இடங்களில் மக்கிய பொருளில் இருந்து வந்த வாயு தங்கியிருக்கும். அதற்கு மேல் கருவியை ஓட்டினால் திரை மூடுபனி போல ஆகிவிடும், கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

நல்ல மணல் இந்த வட்டாரத்தில் எங்கே கிடைக்கும் என்றால், மூழ்கிப்போன ஆறுகளில். 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ, மலாயா எல்லாம் ஒரே நிலம். அதில் ஓடிய ஆறுகள் கொண்டுவந்த மணல் இன்று கடலுக்கடியில் பள்ளத்தாக்கு வடிவில் புதைந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் எல்லைக்கு வெளியே. மலேசியா 1997இல் கடல் மணல் ஏற்றுமதியை நிறுத்தியது, இந்தோனேசியா 2003இல் கடல் மணலையும் 2007இல் நில மணலையும் நிறுத்தியது. புலாவ் தெக்கோங்கில் மணல் நிரப்பாமல் அணை கட்டி நீரை இறைக்கும் முறைக்கு நாம் போனதற்கு மணல் செலவைக் குறைப்பதும் ஒரு காரணம்.

கணக்கர் · ஞாயிறு, காலை 8.15

கட்டுமானத் துறையில் இருக்கிறேன். நேராகவே கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கரைக்கு மணல் போடுவது காசைக் கடலில் கரைப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. 2020இல் இலங்கையில் கல்கிசைக் கரையில் மணல் போட்டு, கொஞ்ச நாளிலேயே கடல் கொண்டுபோய்விட்டது என்று பெரிய சர்ச்சை ஆனது. கல்லைப் போட்டுக் கட்டினால் முப்பது வருடமாவது நிற்கும். மணல் எத்தனை நாள் நிற்கும்?

அலையளவன் · ஞாயிறு, காலை 10.30

கேட்க வேண்டிய கேள்விதான், கணக்கர். கரை என்றால் கண்ணுக்குத் தெரியும் உலர்ந்த பகுதி மட்டும் என்று நினைத்தால் எப்போதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அலை மணலை அசைக்கக்கூடிய ஆழம் வரை கரை நீருக்குள்ளேயும் நீள்கிறது. மேலே கொட்டிய மணலில் ஒரு பங்கு முதல் பருவத்திலேயே உள்ளே சரிந்து அந்தச் சரிவை நிரப்பும். அது தொலைந்த மணல் இல்லை, கரையின் கீழ்ப்பாதி. மக்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் கோபப்படுவது நியாயம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கரையின் மேடு கடல்மட்டத்துக்கு மேல் 1.5 மீட்டர், அலை மணலை அசைக்கும் ஆழம் 4 மீட்டர். ஆக உயரம் 5.5 மீட்டர். 300 மீட்டர் நீளக் கரையை 10 மீட்டர் அகலப்படுத்த 5.5 × 10 × 300, அதாவது 16,500 கன மீட்டர். ஹவாயில் வைக்கீக்கி கடற்கரைக்கு 2012இல் ஏறத்தாழ 600 மீட்டர் தொலைவில் இருந்த மணல்திட்டில் இருந்து பம்பு வைத்துக் கொண்டுவந்தது ஏறத்தாழ 18,000 கன மீட்டர். 2021இல் மறுபடி செய்தார்கள். 9 வருட இடைவெளி. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் கல்சுவர் கட்டிய பல தீவுகளில் சுவருக்கு முன்னால் இருந்த கரையே போய்விட்டது. சுவர் நிற்கிறது, கரை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கணக்கு, போடும் மணலும் அங்கே ஏற்கெனவே இருக்கும் மணலும் ஒரே பருமனாக இருந்தால்தான் பொருந்தும். போடுவது நுண்மணல் என்றால் சரிவு தட்டையாகி, அத்தனையும் நீருக்குள் போய்விடும். இரட்டிப்பாகப் போட்டும் உலர்ந்த கரை ஓர் அடிகூட அகலமாகாமல் போன வேலைகள் உண்டு.

பவளப்பூ · ஞாயிறு, பிற்பகல் 2.10

அண்ணா, நான் கடல் உயிரியல் படிக்கிறேன். நீங்கள் சொல்வதில் ஒன்று விட்டுப்போகிறது. பவளத் தீவில் மணல் என்பது கல் உடைந்து வந்தது இல்லை, உயிர்கள் உண்டாக்கியது. ஹலிமெடா என்ற கடற்பாசி செத்ததும் அதன் சுண்ணாம்புத் தகடுகள் உதிர்ந்து மணலாகின்றன. ஃபொராமினிஃபெரா என்ற மிகச் சிறிய ஒருசெல் உயிரிகளின் ஓடுகள், சங்குத் துண்டுகள் எல்லாம் சேரும். மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றிய பாரில், அதாவது பவளத்திட்டில், புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்து வெளியேற்றியது என்று 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அப்படியென்றால் மணல் தேடிப் போய்ப் பாரைச் சேறாக்கினால் அடுத்த நூறு வருடத்து மணலையே கொல்கிறோம். சுண்ணாம்பு மணல் பம்புக்குள் உரசி உடையும். வெளியே வரும் நீர் பால் மாதிரி இருக்கும், அந்தப் பால் பவளத்தின் மேல் போர்வையாகப் படியும். நான் முக்குளிக்கும்போது சேறு மூடிய பவளத்தைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அலையளவன் · ஞாயிறு, மாலை 4.45

பவளப்பூ, நான்தான் விட்டுவிட்டேன். சொன்னதற்கு நன்றி தங்கச்சி. நீங்கள் சொன்ன அந்தப் பாலுக்காகவே, ஒவ்வொரு குழாயில் இருந்தும் மாதிரி எடுத்து 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, அதற்குக் கீழே போகும் தூள் எவ்வளவு என்று பார்க்கிறோம். தூள் அதிகம் என்றால் அந்தத் திட்டை வரைபடத்தில் இருந்தே அடித்துவிடுவோம், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

ஹலிமெடா பற்றிச் சொன்னதில் இருந்து இன்னொன்று. அந்தத் தகடுகள் தட்டையானவை, உள்ளே துளை உள்ளவை. ஒரே சல்லடையில் நிற்கும் படிகக்கல் மணலைவிட மெதுவாகத்தான் நீரில் இறங்கும். சல்லடைக் கணக்கில் இரண்டும் ஒன்று, கடல் கணக்கில் அது நுண்மணல். அதனால் உயரமான நீர்க்குழாயில் மணலைப் போட்டு, விழும் வேகத்தையும் அளந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் சல்லடையோடு நிறுத்திய அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

நிறத்தையும் பார்ப்போம். கருத்த மணல் அதிகம் சூடேறும், ஆமை முட்டையில் வரும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைச் சூடுதான் தீர்மானிக்கிறது. நம் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் செந்தோசாவிலும்கூட அழுங்காமை வந்து முட்டையிட்டிருக்கிறது.

முத்துநகர்வாசி · ஞாயிறு, இரவு 9.20

அண்ணே, நான் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. எங்கள் ஊருக்கு எதிரே இருக்கிற வான் தீவு கண் முன்னால் கரைந்த தீவு. தாத்தா காலத்தில் அங்கே தங்கி மீன் காய வைப்பார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவு, அதில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் ஏற்கெனவே நீருக்குள். காரணம் எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்தோம். பார் போனதும் அலை நேரே தீவில் வந்து அடித்தது. 2001இல் பவளத்தைப் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள். 2015இல் இருந்து வான் தீவுக்கு முன்னால் கான்கிரீட் செயற்கைப் பார் இறக்கினார்கள்.

நான் கேட்பது இதுதான். பார் இல்லாத இடத்தில் மணலைப் போட்டு என்ன பயன்? அதோடு, கரைக்குப் பக்கத்தில் கிடக்கும் மணலைத் தொடவே கூடாது என்பார் என் அப்பா. வாடைக்காற்றில் ஒரு பக்கம் போகும், சோழகத்தில் மறுபக்கம் திரும்பும், நீவாடு, அதான் கடல் நீரோட்டம், தெரியாதவன்தான் அதை அள்ளுவான் என்பார்.

அலையளவன் · ஞாயிறு, இரவு 10.50

தம்பி, உன் அப்பா ஒரு வரியில் சொன்னதை நாங்கள் ஒரு வருடம் அளந்து சொல்கிறோம்.

மாலத்தீவில் இதை நேரே பார்த்தேன். அங்கே வடகிழக்குப் பருவத்துக்கு இருவாய் என்றும் தென்மேற்குப் பருவத்துக்கு ஹுல்ஹாங்கு என்றும் பெயர். ஒரு விடுதி, மேற்குக் கரை அரித்துவிட்டது, உடனே மணல் வேண்டும் என்று எங்களை அழைத்தது. போய்த் தீவைச் சுற்றி நடந்தோம். கிழக்குப் பக்கம் மணல் குவிந்து, போன வருடம் கட்டிய படகுத்துறைப் படியையே மூடியிருந்தது. அதே மணல்தான். காற்று மாறினால் திரும்பி வரும். ஒரே பருவத்தில் அளந்துவிட்டு முடிவு சொல்லியிருந்தால் தேவையில்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான கன மீட்டர் கொட்டியிருப்பார்கள். குறைந்தது இரண்டு பருவமாவது கரையின் குறுக்குவெட்டை அளக்காமல் மணல் தேடவே போகக் கூடாது என்பது என் கருத்து. விடுதிக்காரர்களுக்கு இதைக் கேட்கப் பொறுமை இருப்பதில்லை, சுற்றுலாப் பருவம் தொடங்குவதற்குள் கரை வேண்டும் என்பார்கள்.

பார் பற்றி நீ சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பார்தான் அலையின் வேகத்தைப் பெரும்பாலும் உடைக்கிறது. அது செத்துக் கிடந்தால் மணல் போடுவது தற்காலிக ஏற்பாடுதான்.

கணக்கர் · திங்கள், நண்பகல் 12.35

சரி, என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எல்லாரும் சொல்வதைக் கூட்டிப் பார்த்தால் கரைக்குப் பக்கத்தில் எடுக்கக் கூடாது, பார் மேல் கூடாது, தூள் இருந்தால் கூடாது, இறுகிய அடுக்கு இருந்தால் முடியாது. பிறகு எங்கேதான் எடுப்பது?

அலையளவன் · திங்கள், இரவு 8.55

இடம் உண்டு, கணக்கர். ஆனால் குறைவு. அதனால்தான் தேடல் இவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டியிருக்கிறது.

முதல் எல்லை, அலை மணலை அசைக்கும் ஆழம். அதற்கு உள்ளே எடுத்தால் பக்கத்து வீட்டு அரிசியை எடுத்து நம் பானையில் போடுவதுகூட இல்லை, நம் பானையில் இருந்தே எடுத்து நம் பானையில் போடுவது. அதற்கு வெளியேயும் ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டக் கூடாது. குழிக்கு மேல் அலை வளைந்து கரையில் வேறோர் இடத்தில் குவிந்து அடிக்கும், அங்கே புதிதாக அரிப்பு தொடங்கும்.

மலைத்தீவுகளில் எங்களுக்குப் பிடித்த இடம் பாரின் குறுக்கே ஓடும் பழைய ஆற்றுப் பள்ளம். கடல் தாழ்ந்திருந்த காலத்தில் ஓடை குடைந்தது, இப்போது பாரில் உருவாகும் மணல் வழிந்து அதில் நிரம்புகிறது. ஹவாயின் கைலுவா விரிகுடாவில் அப்படி ஒரு பெரிய மணல் கால்வாய் இருக்கிறது. வளையத் தீவுகளில் நடுவில் இருக்கும் காயலின் அடி. துவாலுவின் ஃபுனாஃபுட்டியில் 2022, 2023இல் காயலில் இருந்து மணல் உறிஞ்சி, 780 மீட்டர் நீளத்துக்குப் புது நிலம் உயர்த்தினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஓடுதளம் போட அமெரிக்கப் படை அதே தீவில் தோண்டிய குழிகளையும் 2015இல் காயல் மணலால்தான் மூடினார்கள். எழுபது வருடம் அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் மக்கள் வாழ்ந்தார்கள்.

சின்னத் தீவுக்குப் பெரிய கப்பல் வராது. சில இடங்களில் முக்குளிப்பவர் ஒரு மெல்லிய குழாயில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே மணலுக்குள் அழுத்துவார். கடினமான தளத்தில் முட்டியதும் குழாயில் உள்ள அளவைப் படிப்பார். ஒரு நாளில் முப்பது இடம் பார்க்கலாம், செலவும் குறைவு. மணல் எவ்வளவு என்று தெரியும், எப்படிப்பட்டது என்று தெரியாது. அதற்குக் குழாய் மாதிரிதான் வேண்டும்.

கடைசியில் கையில் இருக்கும் எண்ணை அப்படியே கொடுக்க மாட்டோம். அடியில் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தொடாமல் விட வேண்டும், பவளத்தைச் சுற்றி இடைவெளி விட வேண்டும், கேபிள் போகும் வழி விட வேண்டும். வேலைக்கு 16,500 வேண்டுமென்றால் அதைப் போல் ஒன்றரை மடங்காவது உறுதியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன்.

பவளப்பூ · திங்கள், இரவு 9.40

பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியில் மக்கள் வீட்டுக் கல் அறுக்கக் கரை மணலையே கோணியில் அள்ளிக்கொண்டு போவார்கள். அதைத் தடுக்கத் தராவா காயலில் இருந்து மணல் எடுத்து விற்கும் திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் உதவியது. வேறு மணல் கைக்குக் கிடைக்காதவரை அள்ளாதே என்று சொல்லிப் பயனில்லை, அண்ணா. அந்த விதத்தில் உங்கள் வேலை பாருக்கும் நல்லதுதான்.

வகுப்பறை · திங்கள், இரவு 10.15

தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைகளோடு சனிக்கிழமை கடற்கரைக்குப் போகிறோம். மணல் எங்கிருந்து வந்தது என்று அவர்களே கண்டுபிடிக்க ஏதாவது எளிய வழி உண்டா?

அலையளவன் · திங்கள், இரவு 10.30

உண்டு டீச்சர். ஒரு கரண்டி மணலைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, கடையில் வாங்கும் வெள்ளை வினிகரைக் கொஞ்சம் விடுங்கள். சுண்ணாம்பாக இருந்தால் நுரைக்கும், படிகக்கல்லாக இருந்தால் சும்மா கிடக்கும். ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துப் போங்கள். மணி மணியாக இருக்கிறதா, தகடு தகடாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்பறை · சனி, பிற்பகல் 1.20

போய்விட்டு வந்தோம். பன்னிரண்டு கிண்ணத்தில் பத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டில் மட்டும் ஓரமாகக் குமிழ் வந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் அங்கே சிப்பித் துண்டு கிடந்தது. மற்றதெல்லாம் கண்ணாடித் துகள் போல மின்னியது. "இது இந்தக் கடலில் பிறந்த மணல் இல்லை டீச்சர், எங்கிருந்தோ வந்தது" என்று ஒரு பையன் சொன்னான். சிக்லாப் அக்கா சொன்ன கன்வேயர் பெல்ட் கதையை அப்போது சொன்னேன். அந்தக் குன்று எங்கே இருந்தது என்று காட்டச் சொல்கிறார்கள். அக்கா, சரியான இடம் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

சிக்லாப் அக்கா · சனி, பிற்பகல் 3.05

இருக்கிறதம்மா. அடுத்த வாரம் எந்த நாள் என்று சொல், நானே கூட வந்து காட்டுகிறேன்.